தன்னால் திரும்பும் சக்கரம்

பகலில் ஜெலுத்தோங் டயர் கடையில்
நிஜக் கார்களுக்குச் சக்கரம் நேராக்குகிறேன்.
"இடப்பக்கம் இழுக்குது பாஸ்" என்பார்கள்.
கால் திருகு, அரைத் திருகு,
அறுபது வெள்ளி, அடுத்த வண்டி.

இரவில் ரெலாவ் அடுக்குமாடியில், பதினோராம் தளத்தில்
சமையல் மேசைமேல் நிற்கும் லோரி
ஒன்றரை அடி நீளம்.
பாறை ஏறப் பிறந்தது.
என் பேச்சை மட்டும் கேட்பதில்லை.

சர்வோ இத்தனை நாளாய் முன் அச்சின்மேல் குந்தியிருந்தது,
எருமை முதுகில் காக்கை மாதிரி.
அச்சு போகுமிடமெல்லாம் அதுவும் போகும்.
பிழை வராது. அழகும் வராது.
கல்லில் முதலில் முட்டுவது அதன் முகம்தான்.
பூன் கியாட் சிரித்தான்:
"எந்த லோரியில டா மோட்டார் வெளிய தொங்குது?"

கழற்றிவிட்டேன்.
பம்பருக்குப் பின்னே, சேசிஸ் சட்டத்துக்குள்
அதற்கோர் இடம் அறுத்தேன்.
அங்கிருந்து வலச் சக்கரத்தின் முட்டிக்கு
நீளமாய் ஓர் இழுகம்பி.
இடம். வலம். நடு.
எல்லாம் சரி.

பிறகு மூக்கை ஒரு விரலால் அமுக்கினேன்.
ரிமோட் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் கிடந்தது.
யாரும் தொடவில்லை.
சக்கரம் தன்னால் திரும்பியது.
விட்டேன், நேரானது.
அமுக்கினேன், திரும்பியது,
நான் கேட்காத கேள்விக்கு
மாட்டேன் மாட்டேன் என்பதுபோல.
மணி ஒன்று நாற்பது.

காரணம் தெரியும். என் பிழைப்பே அதுதானே.
இழுகம்பி தன் வில்லை வரைகிறது.
அச்சு வேறொரு வழியில் ஏறுகிறது.
நடுவே மாட்டிக்கொண்ட சக்கரம்
யார் பக்கம் பேசும்?

இன்னொரு கம்பி வேண்டும்.
அதுவும் சேசிஸின் இடத்தில் தொடங்கி
அச்சின் வலத்தில் முடிய வேண்டும்,
அதே நீளம், அதே சாய்வு.
அப்போது அச்சு கொஞ்சம் ஓரம் நகரும்.
நகரட்டும். சேர்ந்து நகர்ந்தால்
சக்கரத்துக்குத் தெரியாது.

நாலு மில்லிமீட்டர் குறைந்தது.
முனையைத் திருகினேன்,
ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர்,
எட்டுச் சுற்று.
அமுக்கினேன்.
மாட்டேன், ஆனால் மெல்ல.

காலை ஏழரைக்கு யோகமதி வந்தாள்,
பாயான் லெப்பாஸ் ஆலையின் நீலக் கோட்டோடு.
இரவு முழுக்க மைக்ராஸ்கோப்பில்
ஈய முத்துகள் கோணியிருக்கின்றனவா என்று பார்க்கிற கண்.
பையை இறக்கவில்லை.
மேசை விளிம்பில் கன்னத்தை வைத்து
லோரியை நேருக்கு நேர் பார்த்தாள்.
"மேல் கம்பி படுத்திருக்கு, கீழ்க் கம்பி சாஞ்சிருக்கு.
அந்த நட்டை ஒரு ஓட்டை மேல ஏத்து."
சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

ஏற்றினேன். அமுக்கினேன்.
ஸ்பிரிங் மட்டும் இறங்கியது.
குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று
"ஆடல!" என்று கத்தினேன்.
தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு, தெலுக் பாஹாங், ஓடைப் பாறைகள்.
பூன் கியாட்டின் லோரி முன்னால், என்னுடையது பின்னால்.
பாசி படிந்த ஒரு பிளவில்
இடச் சக்கரம் உள்ளே விழ, வலச் சக்கரம் வானம் பார்க்க
அச்சு குறுக்காய் முறுக்கிக்கொண்டது.
நான் திருப்பாதவரை அது திரும்பவில்லை.
முழுதாய்த் தொங்கும்போது மட்டும்
எறும்பு தும்மினாற்போல் ஒரு துடிப்பு.
அதை அப்படியே விட்டுவிட்டேன்.
யோகமதி குடைக்குள் நாசி லெமாக் பொட்டலம் பிரித்தபடி
"நெத்திலி வேணுமா?" என்றாள்.

திங்கட்கிழமை ஒரு பழைய சாகா வந்தது.
"குழியில இறங்கினா
கை வைக்காமலே திரும்புது பாஸ்."
பழக்கத்தில் பானெட்டை ஒரு விரலால் அமுக்கினேன்.
அசையவில்லை.
பிறகு இரண்டு உள்ளங்கை,
பிறகு உடம்பு முழுக்க.