ஓரத்துடன்

இலுலிசாத்தில் சூரியன் வர
இன்னும் பதினோரு நாள்.
அருங்காட்சியகத்தின் பின்னறையில்
இனாலுக் கணினியை எழுப்புகிறாள்.
யோகும் கொண்டுவந்து இறக்கிய மீன்பெட்டியில்
நான்கு வன்தட்டுகள்.
ஒன்று தூக்கத்தில் பல் கடிக்கிறது.
உள்ளே ஏழு குளிர்காலத் துறைமுகம்.

எல்லாம் பச்சைக் கோப்புகள்.
வேகாததற்கும் பச்சை என்றே பெயர்,
நிறத்துக்கும் அதே பெயர்.
நான்கு கட்டத்தில் இரண்டைப் பச்சைக்கென்றே ஒதுக்கி
எண்ணிக்கொண்டிருந்தது அந்தக் கேமரா,
ஓர் இலைகூட இல்லாத பனியில்.

செய்த கம்பெனி இந்த வகையைக் கைகழுவி
ஒன்பது வருஷம்.
புது மென்பொருள் திறக்க மாட்டேன் என்கிறது,
பழையது புதுக் கணினியில் ஏற மாட்டேன் என்கிறது.
நடுவில் இவள்,
முறைத்துக்கொண்ட சம்பந்திகளிடம் மாட்டிய தரகர்போல.

மாற்று. சரிபார். கூட்டுத்தொகை ஒக்கிறதா பார்.
அடுத்தது.
வெண்மை அளவு: எடுத்தபோது இருந்தபடி.
"வெளுத்துவிடாதே, அன்றைக்குப் பனி நீலம்தான்"
என்று சத்தியம் செய்கிறான் யோகும்.
"மாற்றினதும் மூலத்தை அழித்துவிடு, இடம் மிச்சம்"
என்றவனும் அவனே,
கையுறையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி.

புதன்கிழமை வேறொரு மாற்றியைச் சோதித்தாள்.
கேமரா தன் திரையில் ஒருநாளும் காட்டாத ஓரம்,
பக்கத்துக்குப் பன்னிரண்டு பிக்சல்,
கணக்குக்கு வைத்துக்கொண்டு படத்துக்கு வெட்டிவிடுவது,
அதையும் விரித்துத் தந்தது.
பெரும்பாலும் பனி.
இன்னும் கொஞ்சம் பனி.
ஒரு நாயின் வாலுக்கு நுனி கிடைத்தது.

பிறகு, இரண்டாயிரத்து ஒன்பது பிப்ரவரி.
யாருமே இல்லாத உறைந்த விரிகுடா.
நகர மன்றக் கூடத்தில் இத்தனை வருஷமாகத் தொங்கும் படம்.
வலது விளிம்பில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கீற்று.
பெரிதாக்கினாள்:
கம்பளி. நடுவே ஒற்றை வெள்ளைப் பின்னல்.

கூப்பிட்டதும் வந்தான்.
மூக்குக்கண்ணாடியின் ஆவியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான்.
"துபார்நாக்" என்றான்.
அப்புறம் நெடுநேரம் வன்தட்டுதான் பேசியது.

"தள்ளி நில், இன்னும் தள்ளு, படத்தில் விழாதே என்று
நான்தான் கத்தினேன்.
தள்ளித்தான் நின்றாள்.
அவள்மேல் தப்பில்லை."

இப்போது எங்கே என்று இனாலுக் கேட்கவில்லை.
சின்ன ஊர், தெரியும்:
டென்மார்க்கில், ஆல்போர்கில்,
வேறு வாசலின் சாவியோடு.

'மாற்றியபின் மூலத்தை அழி'
என்ற வரியின் எதிரே இருந்த டிக்கை
அவனே மவுஸை வாங்கி எடுத்துவிட்டான்.
இனி இடம் போதாது.
புதுத் தட்டு நூக்கிலிருந்து வரவேண்டும்.
விமானம் என்றால் பணம்,
கப்பல் என்றால் பனி விலகவேண்டும்.

"மன்றத்தில் இருப்பதை மாற்றிவிடலாமா?"
"வேண்டாம். அங்கே அப்படி.
இங்கே இப்படி."

அவன் போனபின்
கோப்பின் பெயரோடு என்ன சேர்ப்பது என்று யோசித்து,
இரண்டு முறை அடித்து அழித்து,
கடைசியில் 'ஓரத்துடன்' என்று எழுதினாள்.
சரிபார்த்தாள்.
பழைய படத்தின் கூட்டுத்தொகையோடு ஒக்கவில்லை.
ஒக்காதுதான்.