ஐஸ் நோட்டின் கடைசிப் பக்கம்

முன்பக்கம் முழுக்க ஐஸ் பாளங்கள்,
யார் வாங்கினார், யார் இன்னும் தரவில்லை.
பின்னாலிருந்து புரட்டினால் உலகக் கோப்பை.
நீரோடி ஐஸ் பிளாண்டில் எனக்கு ராத்திரி ஷிஃப்ட்.
மிஷின் ஓடினால் தூக்கம் வராது,
மிஷின் நின்றால் தூங்கக் கூடாது.
அதனால் எழுதி வைக்கிறேன்.

அறுபத்தாறில் லண்டனில் கோப்பை களவுபோனது.
போலீசெல்லாம் தேடியும்
கண்டெடுத்தது ஒரு நாய்,
வேலிச்செடி அடியில், செய்தித்தாள் சுற்றியபடி.
இதைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து
கிளீட்டஸ் தன் நாய்க்கு மத்தி போடும்போதெல்லாம்
"சும்மா தின்னாதலே, எதையாவது தேடு" என்கிறான்.

இரண்டாயிரத்துப் பத்தில் ஜெர்மனியில்
தொட்டிக்குள் கிடந்த பேய்க்கணவாய் ஒன்று
எட்டு ஆட்டத்துக்கும் ஜெயிப்பவரைச் சரியாகக் காட்டியதாம்.
எங்கள் துறையில் என்றால்
அது முதல் ஆட்டத்தைச் சொல்லுமுன்னே
ஏலம் முடிந்திருக்கும்.

இனி நம்ம ஃபைனல்.
நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவில் ஒரு கல்.
இந்தப் பக்கம் கரண்ட் போனால்
அந்தப் பக்கம் போய் அர்ஜென்டினா பார்ப்போம்.
ஒரு கோல்போஸ்ட் தமிழ்நாட்டில், ஒன்று கேரளாவில்,
கோல்கீப்பர் ஓங்கி உதைத்தால்
பந்துக்கு மாநிலம் மாறும்.

இரண்டு டீமும் மஞ்சள் பிரேசில் சட்டையில் வந்து நின்றன.
நான் நோட்டைத் திறந்தேன்:
எழுபத்தெட்டில் பிரான்சும் ஹங்கேரியும்
வெள்ளைச் சட்டையோடு வந்து முழித்தபோது
அந்த ஊர் கிளப்பிடம் பச்சைக் கோடு போட்டதைக்
கடன் வாங்கி ஆடியது பிரான்ஸ்.
எங்களுக்குக் கிடைத்தது பங்கின் மதுவிலக்குப் பனியன்.
"குடி குடியைக் கெடுக்கும்" என்று நெஞ்சில் எழுதி
சூசைமிக்கேல் கோலுக்குள் நின்றதைப் பார்த்து
அவன் பெண்டாட்டி சிரித்த சிரிப்பில்
ஆட்டம் ஐந்து நிமிடம் தாமதம்.

அடுத்து பந்துச் சண்டை.
எங்க பந்து, ஞங்ஙளுடெ பந்து.
"முப்பதிலேயே இது தீர்ந்த வழக்கு மக்கா" என்றேன்,
"முதல் பாதி அவன் பந்து, மறு பாதி இவன் பந்து.
அவனவன் பந்தில் அவனவன் முந்தினான்."
எங்களுக்கு இரண்டு பந்திலும் ஒவ்வொன்று விழுந்தது.
அவர்களுக்கும்.

ரெஃப்ரி வேதபாடம் எடுக்கும் லூர்தையன் சார்.
அட்டைகளை வீட்டில் மறந்துவிட்டு
சட்டைப்பையிலிருந்த கேரளா லாட்டரியைக் காட்டினார்.
ஒரே பயலுக்கு மூன்று முறை.
ஜெர்மனியில் ஒருமுறை உலகக் கோப்பையிலேயே
ஒருத்தனுக்கு மூன்று மஞ்சள் காட்டியிருக்கிறார்கள் என்பதால்
நான் வாயைத் திறக்கவில்லை.
பயல் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு
"அடிச்சா உமக்குப் பாதி, சார்" என்றான்.

ஐம்பதில் இந்தியாவுக்கு இடம் கிடைத்தும் போகவில்லை.
வெறுங்காலோடு ஆட விடாததுதான் காரணம் என்று
இன்னும் ஊரெல்லாம் சொல்லும்.
அது முழு உண்மையில்லை என்று எழுதி
இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.
இங்கே ஷூ போட்டு வந்த ஷைன் என்பவன்
மணலில் புதைந்த ஷூவை எடுக்கத் திரும்பியபோது
அவன் முதுகில் பட்டுத்தான் எங்கள் இரண்டாவது கோல்.

ரெண்டுக்கு ரெண்டு.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை,
கேரளா கோல்போஸ்டுக்குள் கடல் வந்துவிட்டது.
அறுபத்தெட்டில் காசு சுண்டித்தான்
இத்தாலி ஐரோப்பிய ஃபைனலுக்கே போனது என்றேன்.
சார் இரண்டு ரூபாயைச் சுண்டினார்.
மேலே போனதை எல்லோரும் பார்த்தோம்.

நாற்பது செல்போன் வெளிச்சம், நாற்பது முதுகு.
பூவா தலையா என்று கேட்க ஆளில்லை,
எங்கே என்றுதான் எல்லோரும்.
கிளீட்டஸின் நாய் கடைசியில் தோண்டியது.
பிறவிப்பயன் என்று அவன் கண் கலங்கினான்.
வந்தது ஐந்து ரூபாய்.

விடிய நாலு மணிக்கு வள்ளங்கள் வந்தன,
ஐஸ் கேட்டு ஆள் வந்தான், எழுந்தேன்.
எழுதிய கணக்கு:
பாளம் முப்பத்தாறு.
பாக்கி இரண்டு ரூபாய், மணலில்.
எந்த மாநிலம் என்ற கட்டத்தை
நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.