புலோதெலோ

இன்றும் மின்சாரத்தை நிறுத்திவிட்டான் புலோதெலோ.
விடியுமுன்பே அணையின் வாய்க்கம்பிகளில்
ஒரு மைல் நீளத்துக்கு வந்து படுத்துக்கொண்டான்.
தலைநகரில் லிஃப்டுகள் பாதியில் நிற்கும்.
ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டருக்கு டீசல் தேடுவார்கள்.
மேஸ்திரி மசாவுகோ போனை அணைத்துவிட்டுச் சொல்கிறார்:
"கவர்னர் வந்தாச்சு. இறங்குங்க."

மார்பளவு நீர். கையில் அரிவாள்.
கண்ணுக்கெட்டியவரை ஊதாப் பூ.
அழகுதான்,
இல்லையென்று யார் சொன்னது?

சர் ஆல்ஜெர்னன் புரோதெரோ.
எங்கள் நாக்கில் ரகரம் நிற்காது,
வழுக்கி லகரத்தில் விழும்.
ஏழாண்டு ஆண்டார்.
அதற்கு முன் ஏதோ தீவு, அதற்கும் முன் ஒரு பாலைவனக் கோட்டை.
நீராவிப் படகில் ஒரு பியானோவோடும்
காய்ச்சலில் மஞ்சளித்த கண்களோடும் வந்திறங்கி
எங்கள் ஆற்றைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதினார்:
"நல்ல நீர். பூ இல்லை."

குடிசைக்கு மூன்று ஷில்லிங் வரி.
ஆளை எண்ணவில்லை, வாசலை எண்ணினார்கள்.
ஆகவே வாசல்கள் குறைந்தன.
சுவரை இடித்து, கூரையைப் பிரித்து
மூன்று குடும்பம் ஒரு புகைக்குள் புகுந்தது.
மாமியார் முகத்தை மருமகன் பார்க்கக்கூடாது எங்களில்.
அந்த மழைக்காலம் முழுக்க
ஒரே அடுப்பின் இரு பக்கமும்
முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டது மரியாதை.
செய்தி மாளிகைக்குப் போயிற்று.
மறு வருஷம்
அடுப்பை எண்ணச் சொன்னார்.

பிரம்படியை நிறுத்தியவரும் அவர்தான்,
அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.
பன்னிரண்டு கட்டில் போட்டு ஆஸ்பத்திரி கட்டினார்.
தோட்ட முதலாளிகள் அடிக்கும் கொள்ளையைப் பற்றி
லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார், ஒன்பது பக்கம்.
பதிலாக வந்தது ஒரு பதக்கம்.
பிறகு எழுதவில்லை.

மாளிகைக் குளம் மொட்டையாய்க் கிடக்கிறதென்று
கப்பலில் வரவழைத்தார்
ஒரு மண்பானையில் நான்கு செடி.
அவர் கப்பலேறிய வருஷம் வெள்ளம்.
குளக்கரை உடைந்தது.

டர்பைன் பழுதுபார்க்க வந்த இஞ்சினியர் ஒருவர் சொன்னார்,
அவர் ஊரில் இதற்கு ஆகாயத்தாமரை என்று பெயராம்.
இல்லாத ஒன்றைச் சொல்வதற்கும் அதே சொல்லாம்.
இல்லாத பூ
இத்தனை கனக்குமா ஐயா,
என் இடுப்பைக் கேளுங்கள்.

சுதந்திரம் வந்த மறுவாரம் சிலையைக் கயிறு கட்டி இறக்கினோம்.
பொதுப்பணி முற்றத்தில் குப்புறக் கிடக்கிறார்,
காவலாளியின் பெண்டாட்டி அந்த முதுகில்
மரவள்ளி காயவைக்கிறாள்.
அவர் பேரிலிருந்த சாலைக்கு
இதுவரை மூன்று ஜனாதிபதிகளின் பேர்.
பேரை எடுக்க என்ன வேண்டும்?
ஒரு தீர்மானம், ஒரு டப்பா பெயிண்ட்.
இதுவோ ஒன்றை வெட்டினால் இரண்டாகிறது,
விதை சேற்றுக்குள் இருபது வருஷம்
கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறது.

போன மாதம் அவருடைய கொள்ளுப்பேத்தி வந்திருந்தாள்.
வைக்கோல் தொப்பி, மூக்கெல்லாம் வெயில் சிவப்பு,
பேச்சில் நல்ல பணிவு.
அவர் விட்டுப்போனது ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று
ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள் தேடிவிட்டு
மூன்றாம் நாள் நச்சிசாலேயின் படகில் ஏறினாள்.
நடு ஆற்றில் எழுந்து நின்று படம் பிடித்தாள்.
ஒன்றைப் பறித்துத் தொப்பியில் செருகிக்கொண்டு
"இந்தப் பூவுக்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?" என்றாள்.

நச்சிசாலே துடுப்பை நிறுத்தினாள்.
"புலோதெலோ."

"எவ்வளவு இனிமையான சொல்" என்று
அவள் எழுத்துக்கூட்டிக் கேட்டு
நோட்டில் குறித்துக்கொண்டாள்.

சாயங்காலம் எடை போட்டார்கள்.
டன்னுக்குக் கூலி.
ஈரத்துக்குப் பத்தில் இரண்டு கழிவு,
வரி தனி.
ஊர்ப்பக்கம் விளக்கு வந்தது.
கரையில் குவித்ததில் ஒன்று
வேரெல்லாம் மேலே பார்க்க
இன்னும் மலர்ந்துகொண்டிருந்தது.