இதர

நூற்றிருபது கதிரை போட்டிருந்தோம்.
வந்தவர் முப்பத்தொன்பது.
மின்விசிறிக்குக் கீழிருந்தவை முதலில் நிரம்பின.

நான் கூட்டக் குறிப்பு எழுதுபவள்.
தாளில் நான்கு நிரல்:
அழுத்தம், தரம், கட்டணம், இதர.
யார் எதைச் சொன்னாலும்
இவற்றுள் ஒன்றில் இறக்கிவைக்க வேண்டும்.

திரையில் கந்தளாய்க் குளத்திலிருந்து
ஒரு நீலக்கோடு புறப்பட்டது.
தம்பலகாமம் கடந்து, சீனன்குடா சுற்றி
நகருக்குள் நுழையும்போது
ஆண்டு இரண்டாயிரத்து நாற்பத்தைந்து ஆகியிருந்தது.
பொறியியலாளர் விமலசிறி
தன் தமிழுக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு
'தலைக்கு நூற்றிருபது லீற்றர்' என்றார்.
பின்வரிசையில் ஒருவர்
தன் வழுக்கையைத் தடவிப் பார்த்தார்.
மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

திருக்கடலூர் மயில்வாகனம் எழுந்தார்:
'விடியப்புறம் ரெண்டே முக்காலுக்கு
பைப் இருமும், தம்பி.
முதல்ல காத்து. கனநேரம் காத்து.
பிறகுதான் தண்ணி.
அந்தக் காத்துக்கும் மீற்றர் சுத்துது.
நாப்பத்தஞ்சிலயும் காத்துக்குத்தான் காசு கட்டுறதோ?'
அழுத்தமா, கட்டணமா?
இரண்டிலும் எழுதினேன்.

கிண்ணியா ஹிதாயா
ஒலிவாங்கியை வாங்கவில்லை, தேவைப்படவுமில்லை:
'எங்கட கிணத்துத் தண்ணில தேத்தண்ணி ஊத்தினா
பால் திரையிது, சேர்.
நோம்புக்கு வாற விருந்தாளிக்கு
நான் என்னத்தச் சொல்ற?'
தரம்.
பால் திரைவதை எழுத அந்த நிரலின் அகலம் போதவில்லை;
'உவர்த்தன்மை' என்று சுருக்கினேன்.

தம்பலகாமம் குணநாயகம்
நேரே திரைக்குப் போய்
நீலக்கோட்டின்மேல் விரலை வைத்தார்.
விரலின் நிழல் கோட்டை மறைத்தது.
'இதில என்ர வயல்.
சிறுபோகத்துக்கு எங்களுக்கே முறை வைச்சுத்தான் விடுகினம்.
டவுன் குடிக்கட்டும், வேண்டாமெண்டு சொல்லேல்லை.
குளம் வளரப்போறதில்லையே,
எந்தப் போகத்தில கழிக்கப்போறியள்
எண்டு மட்டும் சொல்லுங்கோ.'
இதர.

கடைசியாய் சம்பூர் பரிமளகாந்தி.
கையில் படிவம், நான்காய் மடித்தது.
'அந்த எண்ணிக்கைக்குள்ள நாங்கள் இருக்கிறமோ?'

எந்த எண்ணிக்கை, அம்மா?

'தலை எண்டு சொன்னீங்களே, அது.
முந்தி ஒருக்கா எண்ணேக்க நாங்கள் முகாமில.
ஊரில சனமில்லை எண்டு எழுதிப்போட்டு
பைப்பைச் சந்தியோட நிப்பாட்டிப்போட்டாங்கள்.
திரும்பி வந்து சந்தியில நிண்டு தண்ணி அள்ளினம்,
ஏழு வருசம்.
இப்ப என்ர மூத்தவன் கட்டாரில.
அவனை எண்ணுவீங்களோ?
வந்தா நல்லாக் குளிப்பான்.'

விமலசிறி பக்கத்தைப் பின்னோக்கித் தள்ளினார்.
பிறப்பு இருந்தது, இறப்பு இருந்தது,
நிலாவெளி விடுதிகளின் அறைக்கணக்குக்கூட இருந்தது.
திரும்பி வருகிறவர்களுக்குக் கோடில்லை.
குனிந்து பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்.
என்னவென்று எனக்குத் தெரியாது,
ஆகவே என் குறிப்பிலும் இல்லை.

கட்லட்டும் பிளேன்ரீயும் வந்தன.
கூட்டம் இனிதே நிறைவுற்றது என்பது
படிவத்தில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.
மேலதிகாரி சொன்னார்:
'அரைப் பக்கம் போதும், பிள்ளை.
இதரவைக் கொஞ்சம் குறையுங்கோ.'

உவர்மலை ஏற்றத்தில் என் வீடு.
தண்ணீர் கடைசியாக மூச்சு வாங்கி ஏறும் இடம்.
இரவெல்லாம் குறைத்துப் பார்த்தேன்.
வயலை எடுத்தால் விரல் நிற்கிறது,
கட்டாரை எடுத்தால்
குளிப்பான் என்ற சொல் நிற்கிறது.

ரெண்டே முக்கால்.
குழாய் இருமிற்று.
டோர்ச்சை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.
வாளியில் ஒரு துளியில்லை.
மீற்றரின் சிவப்பு முள் மட்டும்
சுற்றிக்கொண்டே இருந்தது.

உள்ளே வந்து
வந்தவர் முப்பத்தொன்பது என்பதை வெட்டி
நாற்பது என்று எழுதினேன்.