மற்றும் பலர்

அந்தப் படத்தில் ராட்சசி படியிறங்கும்போது
இடப்பக்கம் கொஞ்சம் சாய்வாள்.
அது என் இடுப்பு.

இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்,
தண்ணி லாரிக்குப் பின்னால் நான் ஓடியதைக்
காசிமேட்டு மொட்டைமாடியிலிருந்து
ஐஸ் கம்பெனி ரசீதின் முதுகில் வரைந்தான்
அருளப்பன்.
தாளுக்குப் பதினெட்டு ரூபாய்.
அவள் அரண்மனைக்கு எண்ணூர்ப் புகைபோக்கிகள்.
வானத்துக்கு,
படகடியில் மிதக்கும் டீசலின் நிறம்.

கம்பெனியில் என்னைப் பச்சையாக்கினார்கள்,
பல்லை நீட்டினார்கள்.
சாய்வை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

நேற்று மேல்வீட்டு டிவியில் போட்டார்கள்.
பிள்ளைகள் வீறிட்டுத் தலையணைக்குள் போனார்கள்.
கடைசியில் பெயர்கள் ஓடின,
டீ கொடுத்தவர் பெயர்கூட.
‘மற்றும் பலர்’ வந்ததும்
எழுந்து படியிறங்கினேன்.

ஒரு பொடியன் திரையைப் பார்த்தான்,
அப்புறம் என்னை.