ஆறு வரை

தேன்கனிக்கோட்டையில் ஏறினால்
கடைசி நிறுத்தத்தில் இறங்குகிறவள் நான் ஒருத்திதான்.
அங்கிருந்து பள்ளிக்கூடம் முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு.
எண்ணாமல் நடக்க வருவதில்லை எனக்கு.
ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு அது ஒரு நோய்.

பதினேழு பிள்ளைகள்.
சௌடேஷ் வீட்டில் கன்னடம்,
முனிலட்சுமி வீட்டில் தெலுங்கு,
பின்வரிசை இரட்டையருக்கு
அம்மாவிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று.
தரையில் புளியங்கொட்டை பரப்பி
எண்ணுங்கள் என்றால்
ஒண்ணு, ஒகட்டி, ஒந்து என்று
ஒரே கொட்டையை மூன்று பெயரில் எடுக்கிறார்கள்.
மூணு வரும், கூடவே மூடு வரும், மூரு வரும்.
நான் யாரையும் அடக்குவதில்லை.
அஞ்சு தாண்டட்டும் என்று காத்திருப்பேன்.
ஆறில் எல்லா வாயும் ஒன்றாகும்.
எழுத்தில் ஒரு ரகரம் முன்னே பின்னே இருக்கலாம்,
காதுக்கு மூன்று மொழியிலும் அது ஆறுதான்.
பயிற்சி வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை.
ஒரு ஜூன் மாத மதியம்
வகுப்பே சேர்ந்து கத்தியபோது தெரிந்துகொண்டேன்.
ஏழில் மறுபடி பிரிந்துவிடுவார்கள்,
ஏழு, ஏடு, ஏளு,
சந்தைக் கூட்டத்தில் கை நழுவியவர்கள் போல.

யானை வந்த இரவுக்கு மறுநாள்
எட்டுப் பேர்தான் இருந்தார்கள்.
ஒன்பதாவதாக சௌடேஷ் வந்தான், பத்தரை மணிக்கு,
காலில் ராகிக் கொல்லையின் சேறு காயாமல்.
"எத்தனை வந்துச்சுடா?"
கேட்டது என் தொழில்.
கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டது நான்.
"அஞ்சு. அப்புறம் ஒரு குட்டி."
"அப்ப மொத்தம்?"
"அஞ்சு. ஒரு குட்டி."
ஒரு கை முழுக்க விரித்து
மறு கையில் கட்டைவிரலை நீட்டினேன்.
அருகில் வந்து
அந்தக் கட்டைவிரலை மடக்கிவிட்டான்.
"குட்டிக்கு பஸ்ஸுல டிக்கெட் இல்ல டீச்சர்.
கண்டக்டர் எண்ண மாட்டாரு."

எனக்குப் பதில் வரவில்லை.
முனிலட்சுமிக்கு வந்தது.
"இந்த வகுப்புலயே நான்தான் குட்டை.
எனக்கு என்ன அரை முட்டையா குடுக்கறாங்க?"

அப்புறம் பாடம் எங்கே நடந்தது?
டிக்கெட் கட்சி, முட்டைக் கட்சி.
இரட்டையர் ஆளுக்கொரு பக்கம்.
அதில் ஒருத்தன் கேட்டான்,
வயித்துக்குள்ள ஒரு குட்டி இருந்திருந்தா?
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பலகையில் 5 + 1 எழுதியிருந்தேன்,
அதைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

முட்டை வேகிற வாசனை வந்தபோது
வாட்சர் மாதப்பா தண்ணீர் கேட்டு வந்தார்.
அவர் நோட்டில் யானை ஆறு.
மிதிபட்டது முக்கால் ஏக்கர்.
அதற்கடுத்த கட்டம் காலி.
சௌடேஷ் எட்டிப் பார்த்தான்.
"குட்டி மிதிச்சதும் இதுல சேர்ந்துச்சா?"
"சேர்ந்துச்சு."
"அது கொஞ்சமாத்தான் மிதிச்சுது."
அப்பாவின் கொல்லைக்காகப் பேசினானா
அந்தக் குட்டிக்காகவா,
எனக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் திருத்த உட்கார்ந்தேன்.
அவன் பக்கத்தில் ஐந்து பெரிய வட்டம்.
ஓரக்கோட்டுக்கு வெளியே சின்னதாக இன்னொன்று.
அடியில் ஒரு 6,
இடவலம் மாறி,
வந்த வழியே திரும்பிப் போகிற மாதிரி.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
பக்கத்தில் நேரான 6 ஒன்று எழுதினேன்.
அவனுடையதை அடிக்கவில்லை.

நாலே முக்கால் பஸ்ஸில் கூட்டமில்லை.
கண்டக்டர் விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார்.
முன் சீட்டுப் பெண்ணின் மடியில் கைக்குழந்தை.
விரல் அதைத் தாண்டி என்னிடம் வந்து நின்றது.
"அஞ்சு," என்று எழுதப் போனார்.
"ஆறு," என்றேன்.
"என்னம்மா?"
"ஒண்ணுமில்ல."