ஷூ கயிறு

குர்துபாவில் தூண்களை எண்ணத் தொடங்கினேன்.
நூற்று நாற்பதில் அபுதாகிர்
போட்டோவுக்குக் கூப்பிட்டார், விட்டுப்போச்சு.

உள்ளே தொழக்கூடாது என்று
பஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள் கைடு.
கயிறு அவிழ்ந்தது நிஜம்தான்.
குனிந்தேன்.
காவலாளி வந்து நின்றான்,
ஒரு முடிச்சுப் போட
எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்க.

புதுவயல் திரும்பி எட்டு நாள்.
பெட்டியில் இன்னும் ஆரஞ்சுத் தோல் வாசம்.
அங்கே ஓட்டலில் போன்தான் திசை சொன்னது.
இங்கே கேட்க வேண்டியதில்லை,
அரிசி ஆலைப் புகைபோக்கி நிற்கும் மேற்கு.
மஃரிபுக்கு முசல்லாவை விரிக்கும்போது உறைத்தது:
அந்த ஊருக்கு மக்கா கிழக்கே.
நான் குனிந்ததோ
பழக்கத்தில்,
ஆலை இருக்கிற பக்கம்.

பாவம் அந்த ஆள்,
வீணாகக் காவல் காத்திருக்கிறான்.